கரிசற் சம்சாரியின் இரண்டு கணக்குகள்



1991-ஆம் ஆண்டில் குடிக்கணக்கு எடுக்கும் பணி, வழக்கம் போல, ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பில் விடப்பட்டது. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசற் சிற்றூர் ஒன்று என் பங்குக்கு வந்தது. மாசி வெயிலில் வீடு வீடாகச் சென்று, பெயர், வயது, கல்வி, தொழில் என்று வரிசையாகக் கேட்டு எழுதி வந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த முதியவரிடம், "சென்ற ஓராண்டில் தாங்கள் செய்த முதன்மையான தொழில் எது?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாத்தியாரையா, எந்த மாசத்து வேலையைக் கேக்கீக?" என்றார்.

நான் விழித்தேன். அவர் விரல் மடக்கத் தொடங்கினார். ஆவணி, புரட்டாசியில் உழவும் விதைப்பும். ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. தை பிறந்தால் கம்பும் உளுந்தும் வீடு சேரும். அதன்பின் பருத்தி எடுப்பு. பங்குனி முதல் ஆடி வரை வண்டியில் பாரம் ஏற்றுதல். பாரம் கிடைக்காத ஆண்டில் தூத்துக்குடி உப்பளம். மனைவிக்கும் மருமகளுக்கும் ஆண்டு முழுவதும் தீப்பெட்டி வேலை. இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'பயிரிடுபவர்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். துணைத் தொழிலுக்கும் தாளில் இடம் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு மாதங்களையும் அடக்கும் இடம் இல்லை.

அம்முதியவரின் வினா அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்கள் நிலத்தை மட்டும் நம்பி வாழ்ந்தார்களா? நிலத்துக்கு வெளியே அவர்கள் தேடிய வேலை நிலத்தைக் காத்ததா, அழித்ததா? அந்த வேலையின் சுமையைச் சுமந்தவர் யார்? இவற்றைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

கரிசல் நாட்டில் உழவனைச் 'சம்சாரி' என்று அழைப்பார்கள். பிற பகுதிகளில் குடும்பஸ்தனைக் குறிக்கும் சொல் இங்கே பயிர்த்தொழில் செய்வோனைக் குறிக்கிறது. குடும்பமும் வேளாண்மையும் ஒன்றே என்று கருதிய மக்கள் ஆக்கிய சொல் இது. தனி ஒருவன் இந்நிலத்தில் பிழைக்க இயலாது. கணவன், மனைவி, மக்கள், முதியோர் எல்லோர் கைகளும் சேர்ந்தால்தான் ஆண்டு கழியும். ஆதலின் கரிசல் வேளாண்மையின் வரலாறு என்பது உண்மையில் கரிசற் குடும்பங்களின் வரலாறேயாகும்.

இந்நிலத்தின் இயல்பை முதலில் நினைவிற் கொள்வோம். இன்றைய விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் பரந்து கிடப்பது இக்கருமண். பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து 1985-இல் விருதுநகரும், பழைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. நனைந்தால் கரிசல் களியாகிக் காலைப் பற்றும்; காய்ந்தால் கைமுழம் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆயினும் குடித்த நீரை நெடுநாள் அடக்கி வைத்துக்கொள்வது அதன் தனிச்சிறப்பு. மழை நின்ற பின்னரும் பருத்திச் செடி பல வாரங்கள் அந்த ஈரத்தில் நின்று காய்க்கும். மானாவாரிப் பயிர் பற்றிய ஆராய்ச்சிக்கெனக் கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே பண்ணை ஒன்று நிறுவப்பட்டது என்றால், இந்நிலத்தின் அருமையை அந்நாளைய அரசும் அறிந்திருந்தது என்பது விளங்கும்.

ஆனால் ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் மட்டுமே இந்நிலம் மனிதனுக்கு வேலை தரும். எஞ்சிய மாதங்களில் வயிறு மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. இந்த இடைவெளியை நிரப்பியது எதுவோ, அதுவே சம்சாரியின் இரண்டாவது கணக்கு. முதற் கணக்கு காட்டின் கணக்கு. இரண்டாவது காட்டுக்கு வெளியே ஈட்டிய காசின் கணக்கு. அந்த இரண்டாவது கணக்கு மூன்று நிலைகளைக் கடந்து வந்திருக்கிறது.

முதல் நிலையில், வெளிவேலை நிலத்தின் நாட்காட்டிக்கு அடங்கி நடந்தது. ஆலை நூல் வந்து பரவும் முன், சம்சாரி வீட்டுப் பெண்கள் ஓய்ந்த வேளையில் இராட்டையில் நூல் நூற்றார்கள். உழவு மாடு கோடையில் வண்டி மாடாயிற்று. பருத்திப் பொதியும் தானிய மூட்டையும் மிளகாயும் விருதுநகர்ச் சந்தைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் வண்டிகளில் ஏறிச் சென்றன. கரிசலுக்குத் தெற்கே, தேரி மணல் நிலத்தில், பனையேறும் குடும்பங்கள் கோடையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சின. கடற்கரையில் உப்பு விளைந்ததும் அந்தக் கோடையில்தான். வடகிழக்கு மழை தொடங்கியதும் உப்பளம் ஓயும். அப்போது காட்டிலே ஏர் பூட்டியிருக்கும். பயிரைக் காய வைத்த அதே வெயில் உப்பையும் கருப்பட்டியையும் தந்தது. மழைக்கு ஒரு தொழில், வெயிலுக்கு ஒரு தொழில் என்று வகுத்துக்கொண்ட நம் முன்னோரின் மதி வியக்கத்தக்கது.

இந்த ஒழுங்கைச் சந்தை வந்து அசைத்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர் பெற்றிருந்த கரிசற் பருத்திக்கும் அவ்வாறே மதிப்பு உயர்ந்தது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. பணப்பயிரின் சுவையை ஒருமுறை கண்டவன், அதன் கசப்பையும் உடனே கண்டான். பின்னர் 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நீண்ட தூரப் பாரத்தை ரயில் எடுத்துக்கொண்டது; வண்டிக்காரனுக்கு நிலையம் வரையிலான குறுகிய தூரமே மிஞ்சியது. அதே ஆண்டில் முதியோர் இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்று கூறும் கொடும் பஞ்சமும் தொடங்கி 1878 வரை நீடித்தது.

இரண்டாம் நிலை கடல் கடந்தது. இலங்கையில் 1830-களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் கங்காணிமாரின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றார்கள். சென்றவர்களில் நிலமற்றோரே மிகுதி. சிறு நிலம் உடையோரும் உண்டு. காப்பி பறிக்கும் பருவத்தில் போய், பருவம் முடிந்ததும் பெரும்பகுதியினர் ஊர் திரும்பினர். மன்னாரிலிருந்து மலைநாடு வரை நடந்த அந்தப் பாதையில் மாண்டோர் பலர். எனினும் திரும்பி வரும் வழி ஒன்று இருந்தது. ஊரும் நிலமும் அவர்களுக்குக் காத்திருந்தன.

1869-இல் காப்பிச் செடியைத் துருநோய் பற்றியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆதலால் ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். சிறப்பாகப் பெண்களின் கைகள் வேண்டும். பருவத்துக்குப் போய் வந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்கலானார்கள். பின்னர் 1948-இல் இலங்கையில் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கு வருவதற்கு வகை செய்தது. பருவ வேலை நிலையான வேலையாக மாறியபோது, ஊருக்குத் திரும்பும் வழி மெல்ல மறைந்தது. ஒரு செடியின் இயல்பு ஒரு குலத்தின் தலைவிதியை மாற்றிய கதை இது.

மூன்றாம் நிலைக்கு வருவோம். இதில் வேலை தேடி மக்கள் கடல் கடக்கவில்லை. வேலையே வீட்டு வாசலுக்கு வந்தது. 1923-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இளைஞர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து ஊரில் தொடங்கினர். அக்காலத்தில் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிகள் இந்தியச் சந்தையில் நிறைந்திருந்தன. இறக்குமதித் தீர்வை உள்நாட்டுத் தொழிலுக்கு நிழல் தந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், பெரிய எந்திர ஆலைக்கு மிகுதியாகவும் சிறிய கைத்தொழில் ஆலைக்குக் குறைவாகவும் உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. அதனால் சிறு ஆலைகள் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் பெருகின. வானத்தின் வறட்சி குச்சியும் மருந்தும் காய்வதற்கு உதவியது. நிலத்தின் வறட்சி குறைந்த கூலிக்கு ஆட்களைத் தந்தது.

கூலி ஏன் குறைவாயிருந்தது என்பதைச் சற்றே ஆராய்தல் வேண்டும். கம்பும் சோளமும் வீட்டுக் குலுக்கையில் இருந்தால், அந்த வீட்டுப் பெண் உப்புக்கும் துணிக்கும் ஆகும் காசுக்கே வேலைக்கு வருவாள். அவளுக்குச் சோறு போட்டது காடு. ஆகவே ஆலையின் கூலியில் ஒரு பகுதியைக் கரிசல் நிலமே சுமந்தது எனலாம். அதுபோலவே, மழை பொய்த்த ஆண்டில் வட்டிக்காரனிடம் போகாமல் விதை வாங்க உதவியது ஆலைக் காசு. நிலம் ஆலையைத் தாங்கிற்று. ஆலை நிலத்தைத் தாங்கிற்று. இரண்டையும் தாங்கியவர்கள் பெண்களும் குழந்தைகளும்.

இதனை நான் நூல்களில் படித்தறிந்ததாகக் கூறினால் அது முழு உண்மையாகாது. என் தந்தையார் 7 ஏக்கர் புஞ்சைக்கு உரியவர். நான் சிறுவனாயிருந்த அறுபதுகளில், எங்கள் தாயார் இரவில் அரிக்கேன் விளக்கருகே அமர்ந்து பெட்டி ஒட்டுவார். மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாளைச் சுற்றிப் பசை தடவி ஒட்டிப் பாயிலே பரப்பி வைப்பார். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. என் வாய்பாட்டில் எல்லோரையும் போலப் பத்தும் நூறும் அல்ல, 144-தான் எனக்கு முதலில் மனப்பாடமாயிற்று. என்னைவிட நான்கு வயது மூத்த தமக்கையார் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். பதினோராம் வயதில் அவர் ஊர்ப்பெண்களோடு 'தீப்பெட்டி ஆபீசு'க்கு நடந்து போகத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை. ஆபீசு என்றே சொல்வார்கள். குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் பள்ளத்தில் அடுக்குவது அவர் வேலை. அடுக்கிய சட்டத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு.

எழுபதுகளின் நடுவில் இரண்டு பருவம் மழை பொய்த்தது. அக்கம்பக்கத்தில் சிலர் மாட்டை விற்றனர். சிலர் காட்டை ஒத்திக்கு வைத்தனர். எங்கள் காடு ஒத்திக்குப் போகவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் சேர்ந்தபோது விடுதிக்குக் கட்ட வேண்டிய பணமும் தவறவில்லை. 'அப்பா சிக்கனக்காரர்' என்று அந்நாளில் நான் பெருமையாக எண்ணிக்கொண்டேன். சிக்கனம் எவருடையது என்பது எனக்குப் புரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

1984-இல் நான் ஆசிரியனாகப் பணியேற்றேன். அக்காலத்தில் ஆலை வண்டிகள் விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்து, பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும்; இருட்டிய பின் கொண்டுவந்து விடும். முதல் நிலையில் வெளிவேலை நிலத்தின் ஓய்வுக் காலத்துக்குக் காத்திருந்தது என்று கூறினேன். இப்போது முறை மாறிற்று. ஆபீசு வேலைக்குப் பருவம் கிடையாது; ஆகவே நிலம் காத்திருக்கலாயிற்று. நல்ல மழை பெய்து களை மண்டிய வாரங்களில் மட்டும் சில குடும்பங்கள் ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிக் காட்டுக்குப் போகும். காட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எந்த மாதமும் இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பில் 40 பெயர்கள். வந்து அமர்ந்திருப்போர் 25 பேர். வருகை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பணியிடம் குறைந்தால் பள்ளியே ஓராசிரியர் பள்ளியாகும். ஆதலால் வராத குழந்தைகளில் சிலரை வந்ததாகவே பதிவேட்டில் குறித்தேன். பள்ளியைக் காப்பதாகவே அன்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலை எட்டு மணிக்குச் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, பத்து மணிக்கு என் பதிவேட்டில் வகுப்பில் இருந்தாள். பிற்காலத்தில் ஒருவர் அப்பதிவேட்டைக் கொண்டு வரலாறு எழுதினால், அவ்வூரில் குழந்தைத் தொழிலாளர் மிகக் குறைவு என்றே எழுதுவார். ஆவணம் பொய் சொல்லாது என்பார்கள். ஆவணத்தை எழுதும் கை பொய் சொல்லும் என்பதை என் கையே எனக்குக் காட்டியது.

இந்நிலை மாறாமலே போய்விடவில்லை. 1982-இல் விரிவுபட்ட சத்துணவுத் திட்டம் பசித்த குழந்தைக்குப் பள்ளிக்கு வர ஒரு காரணம் தந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுந்த பொதுநல வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. குழந்தையின் வேலை என்பது குடும்பத்தின் வருமானச் சிக்கல் என்பதை அந்நீதிமன்றம் கண்டுகொண்டது. அதுவே அத்தீர்ப்பின் சிறப்பு. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியைக் கட்டாயமாக்கியது. நான் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஆண்டில் என் பதிவேட்டில் இருந்த எண்ணும் வகுப்பில் இருந்த தலைகளும் ஒத்திருந்தன. என் பணிக்காலத்தில் நான் பெற்ற பெரிய பரிசு அதுவே.

குழந்தைகள் போன இடத்தை எந்திரமும் வயதுவந்த பெண்களும் நிரப்பினர். எந்திரத் தீப்பெட்டி ஆலைகள் பெருகவே கைத்தொழில் ஆலைகள் பல மூடப்பட்டன. பட்டாசுத் தொழில் ஒரு பகுதியினரை ஈர்த்துக்கொண்டது. அதன் ஆபத்தை 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்து நாட்டுக்கே உணர்த்தியது. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் 2008-க்குள் எல்லா மாவட்டங்களிலும் பரவியபோது, 'நூறு நாள் வேலை' என்ற பெயரில் அது இரண்டாவது கணக்கில் ஒரு புதிய வரியாயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைச் சில பெண்கள் வாழ்நாளில் முதன்முதலாக அந்த வேலையிலேயே கண்டார்கள்.

நிலமோ துண்டு துண்டாகச் சுருங்கிற்று. 2015-16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர்தான். பருத்தி குறைந்து மக்காச்சோளம் பரவியது. 2018-இல் இந்தியாவில் புகுந்த படைப்புழு அதையும் தாக்கியது. உழாமல் விட்ட காட்டில் சீமைக்கருவேல் மண்டியது. அதையும் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று வாழ்வோர் உண்டு. இது நம் கரிசலுக்கு மட்டும் உரிய நிலைமையென்று எண்ண வேண்டா. 2018-19-இல் நாடு முழுவதும் நடந்த அரசு ஆய்வில், ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று கண்டனர். அதில் கூலியாலும் சம்பளத்தாலும் வந்தது 4,063 ரூபாய்; பயிரால் வந்தது 3,798 ரூபாய். அம்முதியவரின் வினாவுக்கு நாட்டின் கணக்கே இன்று விடை சொல்கிறது. உழவன் என்று நாம் பெயரிட்டு அழைக்கும் குடும்பம், உழவைவிடக் கூலியால் மிகுதியாக ஈட்டுகிறது.

அப்படியானால் நிலத்தை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நகரத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. கூலி வேலை நாளைக்கு இல்லையென்று சொல்லப்படலாம். காடு அப்படிச் சொல்வதில்லை. ஆபீசு மூடிய ஆண்டில் உளுந்தாவது விதைக்கலாம். முதுமையில் திரும்பி வர ஓரிடம் உண்டு. மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒத்தி வைக்க ஒரு பத்திரம் உண்டு. வருமானம் சிறிது, ஆனால் அச்சத்தைக் குறைக்கும் ஆற்றல் பெரிது. இத்தகைய குடும்பங்களை 'விவசாயத்தைக் கைவிட்டோர்' என்று கூறுவது தவறு. காட்டைக் காப்பதற்காகவே காட்டுக்கு வெளியே உழைத்தவர்கள் அவர்கள்.

ஆனால் காத்தவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இந்த வினாவோடு என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தந்தையார் மறைந்த பின்னர், 7 ஏக்கரையும் ஆண்மக்கள் இருவர் பெயரில் மாற்றுவதென்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தமக்கையார் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் பதிவு அலுவலகத்துக்கு வந்தார். கையொப்பமிடக் கூச்சப்பட்டுக் கட்டைவிரலை நீட்டினார். ரேகை தெளிவாக விழவில்லை. எழுத்தர் துணியால் விரலைத் துடைத்து மறுபடியும் உருட்டச் சொன்னார். அப்போதும் நடுவில் ஒரு வெண்மையே விழுந்தது. ஆண்டுக்கணக்காகக் குச்சி அடுக்கிய விரல் அது. "பரவாயில்லை, இதுவே போதும்" என்று எழுத்தர் பத்திரத்தை மூடினார். அருகில் நின்ற நான், பயிற்சி பெற்ற ஆசிரியன், வரலாறு கற்பிப்பவன், ஒரு சொல்லும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர் என் பங்கில் பாதியை அவர் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். அவர் சிரித்து, "எனக்கெதுக்கு தம்பி காடு? வானம் என்ன எனக்குன்னு தனியாவா பெய்யப் போகுது?" என்றார். பேச்சை அவர் சிரிப்பிலே முடித்தாலும் நான் முடித்துக்கொள்ளவில்லை. பத்திரத்துக்குரிய தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊர் வரலாறு எழுத முனையும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பட்டாவையும் அடங்கலையும் பாருங்கள். அவை காட்டின் கணக்கு. பின்னர் உங்கள் வீட்டு முதிய பெண்களிடம் அமர்ந்து, எந்த மாதத்தில் என்ன வேலை செய்தீர்கள், அந்தக் காசு எதற்குப் போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். அது இரண்டாவது கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் நம் நிலத்தை யார் காத்தார் என்ற விடை சரியாக வரும்.